மூக்குக்கு ஞாயிறு விடுமுறை

மூக்கு கத்தியதும் நான் நடுத்தெருவில் குதித்தேன். நாற்பது வயதான, புள்ளியியலில் முனைவர் பட்டம் வாங்கிய, அரசாங்கச் சம்பளம் பெறும் பெண் ஒருத்தி, திறந்து கிடக்கும் சாக்கடை மூடிக்குப் பக்கத்தில் கைதட்டிக் குதிப்பதை அந்தத் தெரு அதற்கு முன் பார்த்திருக்காது. பால் வண்டிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தியே பார்த்தார்.

"ஏம்மா நித்திலா, உள்ள விழுந்துறாதே. உன்னைத் தூக்க இன்னொரு மெஷின் கேட்டு எழுதணும்" என்றார் ஜாபர் பாய். அவருக்கும் உள்ளூரக் குதிக்க ஆசைதான். முழங்கால் விடவில்லை.

ஜாபர் பாய் எங்கள் பொறியாளர். மூக்கு என்பது அவர் பராமரிக்கும் கருவிக்கு ஊர் வைத்த பெயர். அரசாங்கக் கோப்பில் அதற்கு இரண்டு வரி நீளத்தில் ஒரு பெயர் உண்டு, யாரும் சொல்வதில்லை. கை நீளத்துக்கு ஒரு குழாய், நுனியில் மெல்லிய சல்லடை. சாக்கடைக்குள் இறக்கினால் அது ஒரே ஒரு விஷயத்தைத் தேடும். சிறுநீரகத்தில் புற்றுக்கட்டி முளைத்தால் அது தன் துணுக்குகளைச் சிறுநீரில் உதிர்த்துக்கொண்டே இருக்கும். வலி வருவதற்கு முன்னால், ரத்தம் தெரிவதற்கு முன்னால், அந்த ஆளுக்கே சந்தேகம் வருவதற்குப் பல மாதம் முன்னால். மூக்கு அந்தத் துணுக்கை மோப்பம் பிடிக்கும். பெரிய சாக்கடையில் பிடித்தால் கிளைச் சாக்கடைக்குப் போவோம், அங்கே பிடித்தால் தெருவுக்கு, தெருவில் பிடித்தால் வீட்டுக்கு. ஒவ்வொரு கட்டிக்கும் தனி முகம் இருப்பதால் இது ஒருவரா இருவரா என்றுகூடச் சொல்லிவிடும். அதன் பிறகு நான் போய்க் கதவைத் தட்டுவேன். ஆரம்பக் கட்டியை எடுப்பது அரை நாள் வேலை. ஆள் மறுநாள் நடந்து வீட்டுக்குப் போய்விடலாம்.

இது நடந்தது 2058இல். பழைய மாவட்டங்களைப் பிரித்து ஆறுகளின் பெயரில் புதிதாக வெட்டியபோது பிறந்தது எங்கள் நொய்யல் மாவட்டம். பிறந்த வேளையோ என்னவோ, சிறுநீரகப் புற்றுநோய்ச் சாவில் மாநிலத்திலேயே நாங்கள்தான் முதலிடத்தில் இருந்தோம். மூக்கு வந்தது, சாவுக் கோடு இறங்க ஆரம்பித்தது. வருடா வருடம் அந்தக் கோட்டை வரைவது என் வேலை. இறங்கும் கோட்டை வரைவதில் இருக்கும் போதை எந்தக் கள்ளிலும் கிடையாது. அந்த வருடம் ஜனவரியிலிருந்து ஒருவர்கூடச் சாகவில்லை. டிசம்பர்வரை இப்படியே போய்விட்டால் பூஜ்யம். பூஜ்யம் வந்தால் மாநிலம் முழுக்க மூக்கு வைக்கப் பணம் தருவதாக நிதித்துறை சொல்லியிருந்தது. வராவிட்டால் எங்கள் கடையைச் சாத்துவதாகவும் சொல்லியிருந்தது, கொஞ்சம் மரியாதையான வார்த்தைகளில்.

ஆகவே மகிழம் அடுக்ககத்தின் வாசலில் மூக்கு கத்தியபோது நான் குதித்ததில் தப்பே இல்லை. உள்ளே யாரோ ஒருவர் பிழைக்கப் போகிறார். நாங்கள் போய்க் கூப்பிட வேண்டியதுதான் பாக்கி.

கூப்பிடுவதுதான் பெரும்பாடாக இருந்தது.

"ஏனுங்க மேடம், அந்த வேனைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லுங்க" என்றார் அடுக்ககச் சங்கத்தின் செயலாளர் மயில்சாமி. "மூணாவது மாடியில ஒரு பொண்ணைப் பாக்கப் பொழுதோட மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க. கண்டா அப்படியே திரும்பிப் போயிருவாங்க."

"வேன்ல எங்க பேரே இல்லீங்களே."

"ஊருக்கே தெரியுமுங்க."

அவர் சொன்னது உண்மை. எங்கள் வேன் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் அந்த வீட்டுக்குச் சம்பந்தம் வருவது நின்றுபோனது. 'வேன் நின்ற வீடு' என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு கல்யாணம் நின்றேவிட்டது, இத்தனைக்கும் கட்டி இருந்தது பக்கத்து வீட்டுக்காரருக்கு. சிலர் எங்களைக் கண்டதுமே வாளி வாளியாகப் பினாயிலைக் கரைத்துச் சாக்கடையில் ஊற்றுவார்கள். பிழைக்கவைக்க வந்தவர்களைக் கண்டு இப்படி ஒளிகிறார்களே என்று ஆரம்பத்தில் எனக்குக் கோபம் கோபமாக வரும். பிறகு வேனின் மேல் 'குடிநீர் வடிகட்டி பழுது பார்க்கப்படும்' என்று எழுதிவைத்தோம். அதை நம்பி நிஜமாகவே பழுதான வடிகட்டியைத் தூக்கிக்கொண்டு வருபவர்களை ஜாபர் பாய் திருப்பி அனுப்பியதே இல்லை. நிறைய சரி செய்து கொடுத்திருக்கிறார்.

ஒருவழியாகச் சங்கத்தின் கூட்ட அறையில் மேசை போட்டோம். கட்டிடத்தில் குடியிருக்கும் அத்தனை பேரும் வந்து மாதிரி கொடுத்தார்கள். பச்சைக் குழந்தை முதல் படுத்த படுக்கையாக இருந்தவர்வரை ஒருவரையும் விடவில்லை. ஒரு பெண் வேளாவேளைக்கு எங்களுக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். உற்சாகமாக வேலை நடந்தது.

முடிவு வந்தது. எல்லோரும் சுத்தம்.

"யாரோ அடுத்தவங்க சாம்பிளைக் குடுத்து ஏமாத்திட்டாங்க" என்றேன். அப்படி நடப்பதுண்டு. எல்லோரையும் மறுபடி கூப்பிட்டு, ஆளுக்கொரு காவல் போட்டு, மறுபடி எடுத்தோம். மயில்சாமி என்னைக் கடித்துக் குதறாத குறை. மறுபடியும் எல்லோரும் சுத்தம்.

ஆனால் சாக்கடை சும்மா இருக்கவில்லை. அங்கேயே பொருத்திவைத்த மூக்கு கத்திக்கொண்டே இருந்தது. வாரத்துக்கு வாரம் குரல் ஏறியது.

"வளருதும்மா" என்றார் ஜாபர் பாய். திரையைப் பார்க்கும்போது அவர் கேலி பேசுவதில்லை. "இந்த வேகத்துல போனா இன்னும் ரெண்டு மாசம். அப்புறம் ரத்தக் குழாய்ல ஏறிரும். அங்கிருந்து நுரையீரலுக்குப் போக எவ்வளவு நேரமாகும்? நாம இங்க நின்னு வேடிக்கை பாத்துட்டிருக்கோம்."

எனக்குத் தூக்கம் போனது. பேய் பிடித்தவள் போல அந்தக் கட்டிடத்தைச் சுற்றினேன். யாரையாவது ஒளித்துவைத்திருக்கிறார்களா? பூட்டிய வீட்டுக்குள் ஆள் இருக்கிறதா? மொட்டை மாடிவரை ஏறிப் பார்த்தேன். என்னைப் பார்த்தாலே மக்கள் லிஃப்ட் கதவை மூட ஆரம்பித்தார்கள்.

இந்த இடத்தில் எங்கள் அலுவலகத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூக்குக்கு ஞாயிறு விடுமுறை. காரணம் ஆட்டுக்கறி. ஞாயிறன்று வெயில் ஏறிவிட்டால் எங்கள் மாவட்டத்துச் சாக்கடைகளில் ஓடுவது தண்ணீரே அல்ல, கொழுப்பு. வீட்டுக்கு வீடு குழம்புச் சட்டியைக் கழுவி ஊற்றுவார்கள், மூக்கின் சல்லடை அடைத்துக்கொள்ளும். ஊரில் எந்தச் சாக்கடையிலும் ஞாயிறன்று மூக்கு கத்தாது. ஆகவே அட்டவணையில் ஞாயிற்றுக்கிழமைக் கட்டம் காலியாக இருந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. வேறு தேசத்தில் இந்தக் கருவியை வைத்திருந்தால் இப்படி ஒரு விடுமுறை தோன்றியே இருக்காது. நாங்கள் கறி தின்கிறவர்கள், எங்களுக்குத் தோன்றியது.

அந்த ஞாயிறு மதியம் என் கணவர் கிரிதரன் தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். வாழைக்காய்ப் பொரியல், புளிக்குழம்பு.

"இந்தப் புரட்டாசி எப்பத்தான் முடியுமோ" என்றார்.

எனக்குக் கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது.

"ஏங்க, இன்னிக்கு இந்த ஊர்ல யாராவது கறி ஆக்கியிருப்பாங்களா?"

"நம்ம தெருவுல ஒருத்தரும் ஆக்கல. கறிக்கடையே பாதி பூட்டிக் கிடக்குது. ஏன், வாங்கியாரட்டுமா?" அவர் முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கை.

நான் கையைக் கழுவாமலேயே போனை எடுத்தேன்.

"ஜாபர் பாய், இன்னிக்குப் புரட்டாசி ஞாயித்துக்கிழமை!"

"எங்க வீட்ல பிரியாணிதாம்மா. உங்களுக்குத்தான் புரட்டாசி. கிளம்பி வா, உன் வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா."

"சாக்கடைல கொழுப்பு இருக்காது பாய்! சல்லடை அடைக்காது! இன்னிக்கு மூக்கு கத்தணும்!"

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் ஓசை கேட்டது.

மகிழம் அடுக்ககத்துச் சாக்கடையை நாங்கள் திறந்தபோது தண்ணீர் தெளிந்து ஓடியது. சல்லடையை வெளியே எடுத்துப் பார்த்தார். பளிச்சென்று இருந்தது. உள்ளே இறக்கினார். காத்திருந்தோம். மூக்கு வாயே திறக்கவில்லை. சோதனைக்கென்று கட்டித் துணுக்குக் கலந்து வைத்திருக்கும் குப்பியிலிருந்து இரண்டு சொட்டு விட்டார். வீல் என்று கத்தியது.

"மூக்குக்கு ஒண்ணும் இல்ல" என்றார். "அந்த ஆளுதான் இன்னிக்கு இங்க இல்ல. ஞாயித்துக்கிழமையானா வீட்ல இல்லாத ஆளு…"

"வீடே இங்க இல்லாத ஆளு" என்றேன்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் வெட்கம். பச்சைக் குழந்தையைக்கூட விடாத நாங்கள், அந்தக் கட்டிடத்தில் காலையிலிருந்து மாலைவரை துடைத்து, துவைத்து, சமைத்துக்கொண்டிருந்தவர்களிடம் ஒரு குப்பியை நீட்டவில்லை. அவர்களைப் பார்க்காமல் இல்லை. குடியிருப்போரில் சேர்த்தி இல்லையே என்று விட்டுவிட்டோம்.

திங்கள் காலை மயில்சாமியிடம் கேட்டேன். "வேலைக்கு வர்றவங்க எந்த பாத்ரூம் போவாங்க?"

"மோட்டார் ரூமுக்குப் பின்னால தனியா ஒண்ணு இருக்குதுங்க. வீட்டுக்குள்ள இருக்கறதுல போகக்கூடாதுன்னு சங்கத்துல தீர்மானமே போட்டிருக்கறமுங்க." அதில் சொல்லத் தயங்க ஏதும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

மோட்டார் அறையை ஒட்டி, படிக்கட்டுக்கு அடியில், தகரக் கதவு போட்ட ஓர் அறை. அதன் குழாய் சாக்கடையில் சேரும் இடத்தில் மூக்கை இறக்கிவிட்டுக் காத்திருந்தோம். ஒருவர் போய் வந்தார், ஒன்றுமில்லை. இன்னொருவர், ஒன்றுமில்லை. மூன்றாவதாக ஒரு பெண் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து புடவையை உதறிச் செருகினாள். தண்ணீர் ஓடி வந்தது. மூக்கு கத்திய கத்தலில் அவள் துள்ளி விழுந்தாள்.

"ஏனுங்க, குழாய் ரிப்பேருங்களா? நான் ஒண்ணும் போடலீங்க" என்றாள்.

எங்களுக்கு டீ கொண்டுவந்து வைத்த பெண். பெயர்கூடக் கேட்டதில்லை. கோபிகா.

நாற்பத்து நான்கு வயது. ஊர் பக்கத்து உப்பாறு மாவட்டத்தில் மூலக்காட்டுப்புதூர். விடியக் காலையில் பஸ் ஏறினால் வேலை நேரத்துக்கு வந்து சேரலாம். ஒரே பெண் நர்சிங் படிக்கிறாள், இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. உட்காரச் சொன்னதற்கு நாற்காலியைத் தவிர்த்துத் தரையில் உட்காரப் போனாள். ஜாபர் பாய் அதட்டி நாற்காலியில் உட்காரவைத்தார்.

"இடுப்பு வலிக்குதாம்மா?"

"குனிஞ்சு நிமிர்ற வேலைங்க. வலிக்கத்தான் செய்யும்."

"இதுக்கு முன்னால என்ன வேலை பாத்தீங்க?"

"பன்னண்டு வருசம் பனியன் கம்பெனில கறை எடுத்தனுங்க. துப்பாக்கியாட்ட ஒண்ணு இருக்கும், அதுல மருந்தைப் பீய்ச்சிக் கறையை எடுக்கோணும். வாசம் ஜிவ்வுனு ஏறும். எங்க பஸ்ஸுல வர்ற முக்காவாசிப் பேரு அந்த வேலைதானுங்க."

ஜாபர் பாய் என்னைப் பார்த்தார். அந்த மருந்து சிறுநீரகத்தை என்ன செய்யும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஸ்கேனில் கட்டி எலுமிச்சை அளவுக்கு இருந்தது. ரத்தக் குழாயின் வாசல்வரை வந்துவிட்டது, உள்ளே இன்னும் கால் வைக்கவில்லை. அறுவை நிபுணர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இந்த வாரம் குடுத்தீங்கன்னா கஷ்டப்பட்டு எடுத்துருவேன். பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆறு மாசம் கழிச்சுன்னா என்னைக் கூப்பிடாதீங்க" என்றார்.

தலைகால் புரியாத வேகத்தில் கோபிகாவையும் கூட்டிக்கொண்டு எங்கள் இயக்குநர் டாக்டர் சென்னியப்பனிடம் ஓடினேன். அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனேன். கதவைச் சாத்தக்கூடத் தோன்றவில்லை.

சென்னியப்பன் கெட்டவர் அல்லர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். அவருடைய தம்பி இதே நோயில் போனவர். தம்பியை எரித்துவிட்டு வந்த மாதமே இந்தத் திட்டத்தை எழுதத் தொடங்கினார் என்பார்கள். என்னை அவர் அம்மிணி என்றுதான் கூப்பிடுவார்.

"உட்காரு அம்மிணி. கண்டுபிடிச்சுட்டியாமே! புரட்டாசியை வெச்சா? நீ கெட்டிக்காரி." நிஜமாகவே சந்தோஷப்பட்டார். விலாசத்தைச் சொன்னதும் முகம் மாறியது. "உப்பாறா? அப்ப அவங்க நம்ம மக்கள்தொகையிலயே இல்லையே."

"நம்ம சாக்கடையில இருக்காங்க சார்."

"சாக்கடையில இருந்தா பத்தாது. விலாசம் இங்க இருக்கோணும். உப்பாறு ஆஸ்பத்திரிக்குக் கடுதாசி குடுத்து அனுப்பு."

"அங்க ஆறு மாசம் வரிசை சார்."

நான் அவர் மேசைத் திரையில் இரண்டு கோடுகளைப் போட்டேன். ஒன்று எங்களுடையது, சறுக்கி இறங்கித் தரையைத் தொடப் போவது. இன்னொன்று உப்பாறு மாவட்டத்துச் சாவுக் கோடு. எங்களுடையது இறங்க ஆரம்பித்த காலத்திலிருந்து அது ஏறிக்கொண்டிருந்தது.

"அங்க ரிப்போர்ட் எழுதறது சரியில்ல. அதனால அப்படித் தெரியும்" என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. அவர் அந்தக் கோட்டை ஏற்கெனவே பார்த்திருக்கிறார் என்று அப்போது புரிந்தது.

"இல்ல சார். நம்ம கோடு இறங்குனதுல பாதிதான் மூக்கோட புண்ணியம். கறை எடுக்கற வேலைக்கு இப்ப நம்மாளுங்க யாரும் போறதில்ல. பஸ்ல அவங்க வர்றாங்க. வேலை இங்க, சாவு அங்க. நாம நோயை ஒழிக்கல சார். பாதியைப் பஸ் ஏத்தி அனுப்பியிருக்கோம்."

"கத்தாதே."

"கத்தத்தான் செய்வேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "சரி, நான் சொல்றதையும் கேளு. இவங்களை நம்ம ஆளுன்னு பதிஞ்சு, ஆபரேஷன்ல ஏதாவது ஆச்சுன்னா அது நம்ம கணக்குல சாவு. ஒரே ஒரு சாவு. பூஜ்யம் போச்சு. நிதித்துறை கதவைச் சாத்திரும். மத்த மாவட்டத்துக்கெல்லாம் மூக்கு இல்லைன்னா அங்க எத்தனை பேரு போவாங்கன்னு நீதானே கணக்குப் போட்டுக் குடுத்தே? அதுல உப்பாறும் இருக்குதில்ல? சொல்லு, கணக்கு தப்பா?"

தப்பில்லை. அது நான் போட்ட கணக்கு, நாலு தடவை சரிபார்த்தது. ஒருத்தி இந்தப் பக்கம், ஆயிரக்கணக்கானவர்கள் அந்தப் பக்கம். தராசு எந்தப் பக்கம் சாயும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்த ஒருத்தியின் கையால் நான் டீ வாங்கிக் குடித்திருக்கிறேன்.

"ஏனுங்க சார்."

கோபிகா வாசலில் நின்றாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"நான் செத்தா எந்த ஊர்ல எழுதுவீங்க?"

"உங்க ஊர்லதாம்மா" என்றார் சென்னியப்பன், மெதுவாக.

"பொழைச்சா?"

அவர் திரையில் இருந்த கோடுகளைப் பார்த்தார். பிழைத்தவர்களை எழுத எங்களிடம் ஒரு இடமும் இல்லை. அவள் கோபமாகவெல்லாம் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"எங்க மாடி ரூம் காலியா இருக்கு சார். வாடகைக்கு இருக்கறாங்கன்னு என் விலாசம் போட்டுக்கறேன்" என்றேன்.

பேனாவை எடுக்க அவருக்கு வெகு நேரம் பிடித்தது. "ஒருத்தரோட நிறுத்திக்கோணும் அம்மிணி" என்று சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

அறுவை சிகிச்சை அன்று நானும் ஜாபர் பாயும் கோபிகாவின் மகளும் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தை அளந்தோம். ஜாபர் பாய் தொழுகைக்குப் போய்வந்தார். நான் ஊரில் உள்ள சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டேன். புள்ளியியல்காரிக்குப் பாதிக்குப் பாதி என்றால் என்னவென்று தெரியும், அதனால்தான் பயம் அதிகம். கதவு திறந்து, நிபுணர் முகக்கவசத்தை இறக்கிவிட்டுச் சிரித்தபோது, அந்தப் பெண் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அவளைவிடச் சத்தமாக அழுதேன். கட்டி முழுசாக வந்துவிட்டது. ஒரு சிறுநீரகம் போனது, ஆள் பிழைத்தாள்.

மூன்றாம் நாள் கோபிகா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். குடித்து முடித்ததும் என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"ஏனுங்க மேடம், எங்க பஸ்ஸுல தமிழரசின்னு ஒருத்தி வர்றா. அவளும் கறை எடுக்கறவதான். மூத்திரம் டீத்தண்ணியாட்டப் போகுதுன்னு எங்கிட்ட மட்டும் சொன்னா. வெக்கப்பட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேங்கறா. இன்னொரு அக்காவுக்கு இடுப்பு வலி. கம்பெனில அடிக்கடி கக்கூஸ் போனா சூப்பர்வைசர் திட்டுவான். அதனால எல்லாரும் பொழுதோட பஸ் ஏறும்போது பஸ் ஸ்டாண்டுலதான் போவமுங்க. அந்தக் குழாயை அங்க ஒருக்கா எறக்கிப் பாருங்களேன்."

பொதுக் கழிப்பறையில் நாங்கள் மூக்கை இறக்கியதே இல்லை. அங்கே கத்தினால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது? பெரிய சாக்கடையில் அந்தக் குழாய்களிலிருந்து வருவதை எங்கள் மென்பொருளே கழித்துவிடும். சுத்தமான கணக்குக்காக அப்படி ஓர் ஏற்பாடு.

நான் ஜாபர் பாயிடம் சொன்னேன். "ஒருத்தரோட நிறுத்தச் சொன்னாரே" என்றார் அவர். சொல்லிக்கொண்டே வேன் சாவியை எடுத்தார்.

சாயங்காலம் பஸ் நிலையத்தில் கம்பெனி விடும் நேரத்துக் கூட்டம் முட்டி மோதியது. பெண்கள் கழிப்பறைக்குப் பின்னால் மூடியைத் திறந்து மூக்கை இறக்கினோம். இறக்கியதுதான் தாமதம், கத்தியது. திரையில் ஒரு கட்டியின் முகம் விழுந்தது. அது மறைவதற்குள் இன்னொன்று. அதன் மேல் இன்னொன்று. ஜாபர் பாய் எண்ணிக்கொண்டே வந்து பாதியில் விட்டுவிட்டார். "ரிப்பேரும்மா இது. இருக்கவே முடியாது" என்று குழாயை வெளியே எடுத்து, சல்லடையைக் கழுவி, நல்ல தண்ணீரில் வைத்தார். மௌனம். மறுபடி இறக்கினார். நிறுத்தாமல் கத்தியது.

"யாரைக் கேட்டு எறக்குனீங்க?"

சென்னியப்பன் பின்னால் நின்றுகொண்டிருந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். எங்களைத் தடுக்கத்தான் வந்தார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் திரையைப் பார்த்துவிட்டார். பார்த்த பிறகு வேறு பக்கம் திரும்ப அவருக்கு அங்கே ஜன்னல் இல்லை.

"இதுல நம்ம ஆளுங்க எத்தனை பேரு?" என்று கேட்டார் கடைசியில்.

"எல்லாரும் உயிரோட இருக்காங்க சார்" என்றேன்.

"இவங்களைச் சேர்த்தா பூஜ்யம் போயிரும்."

"போயிரும் சார். சில பேருக்கு இப்பவே காலம் கடந்திருக்கும். ரெண்டு மூணு வருஷம் நம்ம கோடு மேல ஏறும். அப்புறம்தான் இறங்கும்."

"நிதித்துறை என்னை உரிச்சு உப்புத் தடவிரும் அம்மிணி."

"ஆமா சார்."

அப்போது உப்பாறு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு பின்னால் நகர ஆரம்பித்தது. சென்னியப்பன் அதைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஓடினார். அறுபத்தோரு வயது, சர்க்கரை, தொப்பை. கைக்குட்டையை ஆட்டிக்கொண்டு, "நிறுத்து! நிறுத்து!" என்று கூவிக்கொண்டு, கடலைக்காரர் தட்டைத் தட்டிவிட்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு அந்த மனிதர் ஓடியதைப் பார்த்து எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. நானும் பின்னால் ஓடினேன்.

வண்டி நின்றது. அவர் படியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"உப்பாறுங்களா சார்? உள்ள வாங்க, நிக்கறதுக்கு இடமிருக்குது" என்றார் கண்டக்டர்.

"இல்லப்பா. வண்டி இப்பப் போகாது" என்றார் சென்னியப்பன்.

உள்ளே ஒரே இரைச்சல். "ஏனுங்க, வீட்டுக்குப் போய்ச் சோறாக்க வேண்டாமுங்களா?" என்றது ஒரு குரல். "குழந்தை பள்ளிக்கோடம் விட்டு வந்து உக்காந்திருக்குமுங்க" என்றது இன்னொன்று. "யாருடா இந்த ஆளு?" என்றது பின் சீட்டிலிருந்து மூன்றாவது.

அழ வேண்டிய இடம்தான். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வருடம் செத்தவர்களையே எண்ணிக்கொண்டிருந்தவள் நான். இவர்கள் அத்தனை பேரும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வண்டியை எப்போது எடுப்பீர்கள் என்று எங்களைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.